எந்த லங்காஸ்டர், எந்த மாதம்? மாடல் கட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரின் கிட் வாங்கி வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், இறக்கை வரை ஒட்டிவிட்டு அலமாரி மேல் ஏற்றிவைத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெயின்ட் அடிக்கும் கட்டம் வந்ததும் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனி, எந்த நம்பர்?" பதிலும் உடனே வந்துவிடும். ஒருவர் ஹம்ப்ரால் 29, 30 என்பார். இன்னொருவர் டாமியா எக்ஸ்எஃப்-81ஐ விட்டால் உலகத்தில் வேறு பச்சையே கிடையாது என்பார். மூன்றாமவர் வந்து, "எண்பது வருஷம் ஆச்சு, இனி யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது, பிடிச்ச பச்சையை அடிங்க சார்" என்று பேச்சை முடித்துவைப்பார். இந்த மூவரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. வாயால் பேசினால் சண்டையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பாட்டில் கடைசியில் வர வேண்டிய விஷயம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு குறிப்பிட்ட விமானத்தையும் ஒரு குறிப்பிட்ட மாதத்தையும். மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. கட்டியது ஆவ்ரோ மட்டுமல்ல. மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ், ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த், ஆஸ்டின், விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங்ஸ், கனடாவில் விக்டரி ஏர்கிராஃப்ட் என்று பல தொழிற்சாலைகள். "லங்காஸ்டர் என்ன நிறம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "ஆர் 5868, 1943 அக்டோபர்" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பதில் கேள்வியிலேயே வந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரவுத் தாக்குதலுக்குப் போன லங்காஸ்டரின் முதுகில் இரண்டு நிறங்கள்: டார்க் எர்த் என்ற மண்பழுப்பு, டார்க் கிரீன் என்ற கரும்பச்சை. தரையில் நிற்கும்போது மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு இங்கிலாந்தின் வயலும் வேலியுமாகத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். வயிறும் பக்கவாட்டும் நைட் என்ற கறுப்பு. அந்தக் கறுப்பு உடலின் பக்கவாட்டில் நன்றாக மேலே ஏறி நிற்கும். சர்ச் லைட் கீழிருந்துதான் வரும் என்பதால் இந்த ஏற்பாடு. 1941 ஜனவரி 9 அன்று மான்செஸ்டர் பக்கத்து ரிங்வேயில் முதன்முதலாகப் பறந்த சோதனை விமானத்துக்கு மட்டும் வயிறு மஞ்சள். சோதனை விமானங்களுக்கு அன்றைய வழக்கம் அது. யாராவது அதைச் செய்தால் நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

இப்போது மாதம் ஏன் முக்கியம் என்று பாருங்கள். 1942 ஏப்ரல் 17 அன்று பட்டப்பகலில் 12 லங்காஸ்டர்கள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து டீசல் எஞ்சின் தொழிற்சாலையைத் தாக்கப் போயின. 44, 97 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களிலிருந்து ஆறு ஆறாகப் புறப்பட்டவை. அவற்றில் 7 திரும்பவில்லை. அந்தத் தாக்குதலுக்குப் போன விமானம் ஒன்றைக் கட்டுகிறீர்கள் என்றால், உடலில் இருக்கும் வட்டச் சின்னத்தைச் சுற்றி அகலமான மஞ்சள் வளையம் வர வேண்டும். வாலில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சம அகலப் பட்டைகள். அதே 44ஆம் ஸ்குவாட்ரனை அந்த வருடம் செப்டம்பரில் பார்த்தால் மஞ்சளும் வெள்ளையும் மெல்லிய வளையங்களாக இளைத்துப்போயிருக்கும், வாலில் வெள்ளை ஒரு கோடாகிவிட்டிருக்கும். கிட் பெட்டியில் வரும் டெக்கால் தாளில் பெரும்பாலும் பின்னது மட்டும்தான் இருக்கும். ஏப்ரல் விமானத்துக்குச் செப்டம்பர் டெக்காலை ஒட்டிவிட்டு, பச்சை சரியா என்று ராத்திரி முழுக்க விவாதிப்பதில் என்ன பயன்? பச்சையில் ஐந்து சதவீதம் பிசகினால் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. சின்னத்தில் பிசகினால் அறையின் மறுகோடியிலிருந்தே தெரியும்.

ஆர் 5868 என்றேன். மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் 1942இல் கட்டிய விமானம் அது. முதலில் 83ஆம் ஸ்குவாட்ரனில் ஓஎல்-கியூ என்ற எழுத்துகளோடு பறந்தது. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியர்களின் 467ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போய் பிஓ-எஸ் ஆனது. 137 தாக்குதல்களுக்குப் போய்த் திரும்பியதாகக் கணக்கு. இப்போது லண்டன் ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் நிற்கிறது. மாடல்காரனுக்கு இந்த வரலாற்றில் ஒரு லாபம் உண்டு. ஸ்குவாட்ரன் மாறும்போது பழைய எழுத்துகளை அழித்துவிட்டுப் புது எழுத்து எழுதுவார்கள். அழிப்பது என்றால் மேலே கறுப்பு அடிப்பது. பழைய கறுப்புக்கு வயது ஒரு வருடத்துக்கு மேல், புதிய கறுப்புக்கு ஒரு வாரம். ஆக, பக்கவாட்டில் பிஓ-எஸ் என்ற சிவப்பு எழுத்துகளுக்கு அடியில் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் ஆழமான கறுப்பில் ஒழுங்கற்ற சதுரங்கள் வர இடம் இருக்கிறது. 1943 இலையுதிர் காலத்து விமானத்தில் இதைக் காட்டினால் அர்த்தம் உண்டு. 83ஆம் ஸ்குவாட்ரனில் புதிதாக வந்து இறங்கிய நாளில் காட்டினால் அர்த்தமில்லை.

கறுப்பைப் பற்றி இங்கேயே பேசிவிடலாம். லங்காஸ்டரில் மிகக் கஷ்டமான நிறம் அதுதான். பச்சைக்கும் பழுப்புக்கும் சண்டை போடுகிற நாம், கறுப்பு என்று வந்தால் கிடைக்கிற மேட் பிளாக் டப்பாவைத் திறந்து அடித்துவிடுகிறோம்.

போரின் தொடக்கத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்கு ஸ்பெஷல் நைட் என்ற பூச்சு இருந்தது. ஒளியை எவ்வளவு விழுங்க முடியுமோ அவ்வளவு விழுங்க வேண்டும் என்று தயாரித்த கடும் மேட். மேற்பரப்பு சொரசொரப்பு, விமானத்தின் வேகத்தைக் குறைத்தது, சீக்கிரம் தேய்ந்து உதிர்ந்தது. பிறகு வழவழப்பான நைட் வந்தது. லங்காஸ்டர்களில் நாம் பேச வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். இதில் கரியோடு அல்ட்ராமரின் நீலமும் கலந்திருந்தது. ஆகவே புதிதாக இருக்கும்போதே அது சுத்தமான கறுப்பு இல்லை, நீலம் ஓடிய கறுப்பு. வெயிலும் மழையும் பட்டு வெளிறும்போது, நாலு கோடை பார்த்த கறுப்புக் குடைபோல ஒரு நீலச் சாம்பலாக மாறிப்போகும். (இதே போரின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் சோதித்துப் பார்த்தபோது, சர்ச் லைட்டிலிருந்து தப்பிக்க மேட் கறுப்பைவிடப் பளபளக்கும் கறுப்பு நன்றாக வேலை செய்தது. அவர்களுடைய இரவு விமானங்கள் ஜெட் என்ற பளபளப்புக் கறுப்புக்கு மாறின. மேட்தான் மறைக்கும் என்று நம்பிச் சொரசொரப்பைக் கட்டிச் சுமந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

பாட்டிலில் இருக்கும் சுத்தக் கறுப்பை 1/72 மாடலில் அடித்தால் என்ன ஆகும்? 43 செ.மீ. இறக்கையின் அடிப்பக்கம் முழுவதும் ஒரு ஓட்டை ஆகிவிடும். கோடுகள் தெரியாது, குண்டு அறையின் கதவு தெரியாது, நிழல் விழ இடம் இருக்காது. என் வழி இது: டாமியா நேட்டோ பிளாக் அல்லது ரப்பர் பிளாக்கில் தொடங்குங்கள். அதில் ஓரிரு சொட்டு கருநீலம். வெளிறிய இடங்களுக்கு அதிலேயே நடுத்தரச் சாம்பல் கொஞ்சம். வெள்ளை சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். சுத்தக் கறுப்பை எஞ்சின் இடுக்குகளுக்கும் கதவு ஓரங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஆழமான ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் நைட் நைட்டாகத் தெரியும்.

இனி ஆதாரம். யாரோ சொன்னார், பாட்டிலில் போட்டிருக்கிறது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம் 1976இல் இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் விமான நிறங்கள் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தது. அச்சடித்த நிறம் இல்லாமல், நிஜமாகவே பெயின்ட் பூசிய சிறு அட்டைத் துண்டுகளை ஒட்டிய புத்தகம். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விலை பேசாமல் வாங்குங்கள். வாங்கியதும் வெளிச்சத்தில் திறந்துவைத்து அழகு பார்க்காதீர்கள், மூடி வையுங்கள். அடுத்தது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு 381சி. அதில் 450 டார்க் எர்த், 641 டார்க் கிரீன். தொழிற்சாலைப் பெயின்ட் விற்கும் நல்ல கடைகளில் இந்த எண்ணைச் சொன்னால் புரியும்.

நம்மில் பலருக்கு மனப்பாடமாக இருப்பது அமெரிக்க ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595. அந்த ஐந்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பு: 1 என்றால் கிளாஸ், 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மேட். இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 4 பச்சை, 6 சாம்பல். பயன்படுத்த எளிது. ஆனால் இந்தப் பட்டியல் வெளியானது 1956இல். போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து, வேறொரு நாட்டில், அந்நாட்டு அரசாங்கத்தின் கொள்முதலுக்காகப் போட்ட பட்டியல். டார்க் எர்த்துக்கு 30118 என்று புத்தகத்தில் இருந்தால், பட்டியலில் இருப்பவற்றில் அது ஓரளவு நெருங்கி வருகிறது என்று மட்டும் பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்னொருவரின் பழுப்பைத் தப்பு என்று சொல்கிறவரை நான் நடுவராக ஏற்க மாட்டேன்.

புகைப்படங்களுக்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதே என்று தள்ளிவிடாதீர்கள், படிக்கத் தெரிந்தால் நிறைய சொல்லும். ஆனால் எந்த பிலிம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அன்று இரண்டு வகை புழக்கத்தில் இருந்தன. ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலம் வெளிறிப்போகும். பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய நம் கண்போல் வாங்கும். வட்டச் சின்னத்தைப் பாருங்கள். வெளியே இருக்கும் மஞ்சள் வளையம் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் நீலம் வெளிறிய சாம்பலாகவும் இருந்தால் அது ஆர்த்தோ. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நைட் மேல் எழுதிய மங்கல் சிவப்பு எழுத்து இருந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே இருட்டாக விழுந்திருக்கும். தொடக்கத்தில் சில விமானங்களில் எழுத்துகள் சாம்பலில் இருந்தன, பிறகு மங்கல் சிவப்புக்கு மாறின. ஆர்த்தோ படத்தில் சாம்பல் எழுத்து பளிச்சென்று தெரியும். எழுத்தே இல்லாததுபோல் தோன்றும் படங்களில்தான் சந்தேகப்பட வேண்டும்.

கலர் படங்களும் உண்டு. போர் நடக்கும்போதே பிரிட்டனின் தகவல் அமைச்சகம் கலர் பிலிமில் எடுத்த ஸ்லைடுகள் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கின்றன. 1942 செப்டம்பரில் 44ஆம் ஸ்குவாட்ரன் லங்காஸ்டர்கள் பறக்கும் படங்கள் அவற்றில் உண்டு. இன்னொன்று, ஹெம்ஸ்வெல் தளத்தின் பொறுப்பில் இருந்த ஏர் கமடோர் ஹென்றி கோசன்ஸ் போரின் கடைசிக் குளிர்காலத்தில் 16 மி.மீ. கலர் பிலிமில் எடுத்த படம். குண்டு ஏற்றுவது, எஞ்சின் பழுது பார்ப்பது, புறப்படுவது எல்லாம் அதில் வருகிறது. மாடல்காரனுக்குப் புதையல். டயர் கறுப்பாக இல்லை, தூசி படிந்த சாம்பல் என்பதை அதில் பார்க்கலாம். ஆனால் கணினித் திரையில் அந்தப் படத்தை நிறுத்தி, கர்சரை வைத்து, "பச்சையின் நம்பர் இது" என்று எடுக்கிற வேலை வேண்டாம். பிலிம், அது கழுவப்பட்ட விதம், ஸ்கேன் செய்தவர், உங்கள் திரை என்று நாலு பேர் நடுவில் நிற்கிறார்கள். ஒரே படத்துக்குள் ஒப்பிடுங்கள். பச்சை பழுப்பைவிட எவ்வளவு இருட்டு? சின்னத்தின் சிவப்பு செங்கல் பக்கமா, குங்குமம் பக்கமா? பக்கத்தில் நிற்கும் ஆளின் சீருடை நீலம் சரியாக விழுந்திருக்கிறதா? அந்த உறவுகளை நம்பலாம்.

மியூசியத்தில் போய் நேரில் பார்த்தேன் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெண்டனில் இருக்கும் ஆர் 5868 போருக்குப் பிறகு ஒரு விமானத் தளத்தின் வாசலில் வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றது. கான்பெராவில் இருக்கும் 'ஜி ஃபார் ஜார்ஜ்' 1944இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, மியூசியத்துக்குள் போவதற்கு முன் திறந்தவெளியில் கிடந்தது. இன்றும் பறக்கும் இரண்டு லங்காஸ்டர்களில் ஒன்று பிரிட்டனில், மற்றது கனடாவில். பறக்கிற விமானத்துக்கு இன்றைய பெயின்ட்தான் அடிப்பார்கள், துடைக்க வசதியான பளபளப்போடு. உருவத்துக்கும் அளவுக்கும் இவற்றைப் பாருங்கள், போய் நின்று பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. நிறத்துக்கு மட்டும் சாட்சி கூப்பிடாதீர்கள்.

இவ்வளவு சொன்னதும் அந்த மூன்றாமவர் எழுந்து, "பார்த்தீங்களா, எதுவுமே நிச்சயம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க" என்பார். இல்லை. வேறுபாடு இருந்தது, பல கம்பெனிகள் ஒரே நிறத்தைத் தயாரித்தன, தொகுதிக்குத் தொகுதி கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் விமானத் துறை அமைச்சகம் கொடுத்த மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பெயின்ட் வாங்கப்பட்டது. டார்க் கிரீன் ஆலிவ் பக்கம் கொஞ்சம் சாயலாம், மாவிலைப் பச்சை ஆக முடியாது. டார்க் எர்த் மஞ்சள் பக்கம் சாயலாம், காவி ஆக முடியாது. சிவப்பு ஓடிய பழுப்பைப் பல பாட்டில்களில் பார்க்கிறேன். என் கண்ணுக்கு டாமியா எக்ஸ்எஃப்-52 அந்த வகை, அப்படியே அடித்தால் செம்மண். கொஞ்சம் மஞ்சள் பழுப்பு கலந்தால் சரிக்கு வரும். எக்ஸ்எஃப்-81 பச்சை பாட்டிலிலிருந்தே நன்றாக இருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. ஹம்ப்ரால் 29ஐப் பாராட்டுகிறவர்களோடும் இல்லை, எனாமல் காய நாள் பிடிக்கும் என்பதைத் தவிர.

இரண்டு நிறங்களையும் சேர்த்துச் சோதிக்க ஒரு எளிய வழி. பிளாஸ்டிக் அட்டையில் இரண்டையும் ஒட்டிய பட்டைகளாக அடியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். போர்க்காலத்து பான்குரோமாட்டிக் படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். அதில் பச்சையும் பழுப்பும் அடர்த்தியில் நெருங்கியே இருக்கும், பழுப்பு ஒரு படி வெளிச்சம், அவ்வளவுதான். உங்கள் அட்டையில் புலிக்கோடு மாதிரிப் பளிச்சென்று பிரிந்து தெரிந்தால் ஏதோ ஒரு பாட்டில் பொய் சொல்கிறது. போன் கேமரா பழைய பிலிம் இல்லைதான். ஆனாலும் பெரிய பிசகை இது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, வெள்ளை கலக்கும் பிரச்சினை. தூரத்தில் இருக்கும் பொருள் வெளிறித் தெரியும், மாடல் என்பது தூரத்தில் தெரியும் விமானம், ஆகவே 1/72க்கு 15 சதவீதம், 1/48க்கு 10 சதவீதம் வெள்ளை கலக்க வேண்டும் என்று ஒரு வாய்பாடு நம்மிடையே வேதமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1/72 மாடலை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அது 21.6 மீட்டர் தூரத்தில் நிற்கும் நிஜ விமானத்துக்குச் சமம். 21.6 மீட்டர் தூரத்தில் எந்தக் காற்று நிறத்தை வெளிறவைக்கும்? மார்கழி மூடுபனியில் வேண்டுமானால் நடக்கும்.

அப்படியானால் பாட்டில் நிறத்தை அப்படியே அடித்த மாடல் ஏன் இருண்டு தெரிகிறது? வெளிச்சம்தான் காரணம். நடுப்பகல் வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு வெளிச்சம் விழும். நம் வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தால் பெரிது. வெயிலில் நிற்கும் கரும்பச்சையில் கண் காணும் விவரத்தை ட்யூப் லைட்டில் காண முடியாது. ஆகவே நிறத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்குவது நியாயம், ஆனால் சதவீதக் கணக்கில் எல்லா நிறத்துக்கும் ஒரே அளவு வெள்ளை ஊற்றுவது நியாயம் இல்லை. பச்சையை வெளிச்சமாக்க மஞ்சள் சாய்ந்த வெளிர்பச்சை, பழுப்புக்கு மணல் நிறம். கறுப்புக்குத்தான் அதிகம் தேவை, அதை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்று, மாடல் எங்கே நிற்கப்போகிறதோ அந்த விளக்கின் அடியில் ஒருமுறை, ஜன்னலோரக் காலை வெளிச்சத்தில் ஒருமுறை அட்டையைப் பாருங்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயின்ட் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். கலந்திருக்கும் நிறமிகள் வேறு வேறு என்பதால் வரும் வினை அது. மலிவான எல்இடி பல்பின் கீழே நடக்கும் பச்சைச் சண்டைகளில் பாதி, பல்பை மாற்றினால் முடிந்துவிடும்.

பச்சையும் பழுப்பும் சேரும் ஓரம் கூர்மையா, மங்கலா என்ற கேள்விக்கும் அளவுகோலை எடுத்தால் போதும். நிஜத்தில் ஓரம் ஒரு அங்குலம் மங்கலாக இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1/72இல் அது 0.35 மி.மீ. மாஸ்கிங் டேப்பை ஒட்டி அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். 1/32 கட்டும் புண்ணியவான்கள் மட்டும் யோசிக்கட்டும். 97 செ.மீ. இறக்கையை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்து.

விமானத்தின் உட்புற நிறம் பற்றிய விவாதத்தில் இறங்கப்போவதில்லை. கூண்டை மூடிய பிறகு தெரிவது விமானியின் இருக்கையும் கொஞ்சம் இருட்டும்.

வெளிறவைக்கும் மோகத்தைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். ஒவ்வொரு தகட்டின் நடுவையும் வெளிறச் செய்து, கோடுகளை மட்டும் இருட்டாக விட்டு, விமானத்தைக் கட்டம்போட்ட லுங்கி ஆக்கிவிடுகிறோம். போட்டியில் பரிசும் கிடைக்கிறது. எந்த வெயில் தகட்டின் நடுவில் மட்டும் அடிக்கும்? போரில் அழிந்த லங்காஸ்டர்கள் 3,000க்கு மேல். பல விமானங்கள் வந்த சில வாரங்களிலேயே போய்விட்டன, பெயின்ட் வெளிற அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த விமானம் அந்த மாதம் எத்தனை மாத வயது என்று பார்த்துவிட்டு ஏர்பிரஷ்ஷை எடுங்கள். வயதான விமானம் என்றால் காட்ட வேண்டியது ஒட்டு. விமான எதிர்ப்புக் குண்டின் சிதறல் போட்ட ஓட்டையைத் தகடு வைத்து மூடி, அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்த தடம். வேறு விமானத்திலிருந்து கழற்றிப் போட்ட எஞ்சின் மூடி, கறுப்பில் ஒரு சாயல் வித்தியாசம். ஏணி வைக்கும் இடத்திலும், மெக்கானிக்கின் பூட்ஸ் நித்தம் மிதிக்கும் இறக்கை வேரிலும் தேய்மானம். எக்ஸாஸ்ட் தடத்தைக் கறுப்பில் இழுக்காதீர்கள். அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. மெர்லின் எஞ்சின்கள் மணிக்கணக்கில் சிக்கனக் கலவையில் ஓடும்போது இறக்கை மேல் படிந்தது வெளிர் சாம்பலும் மங்கிய பழுப்புமாக இருக்கும். இருட்டுப் பச்சையின் மேல் அந்த வெளிர் தடம் எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்பதை ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

லங்காஸ்டரை விட்டு லிபரேட்டர் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானத்தைக் கட்டுகிறேன் என்று சொன்ன யாழ்ப்பாணத்து நண்பருக்குத் தனியாக ஒரு குறிப்பு. ராயல் ஏர் ஃபோர்ஸின் 160ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்கள் சிகிரியாவிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் பறந்தவை, உங்கள் ஊர் விமானம் என்றே சொல்லலாம். அங்கே ஐரோப்பிய வட்டச் சின்னத்தை ஒட்டிவிடாதீர்கள். ஜப்பானிய விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று தென்கிழக்கு ஆசியப் படைப்பிரிவில் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீலம், நடுவில் வெளிர்நீலம், அவ்வளவுதான். போருக்குப் பிந்தைய இந்திய விமானப்படை லிபரேட்டர் வேண்டுமென்றால் அது வேறு கதை. கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றைப் பெங்களூரில் சீர்செய்து 1968 வரை பறக்கவிட்டார்கள். அவற்றில் ஒன்றை இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது, இன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு: ஐப்பசி மழையில் லாக்கர் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் பெயின்ட்டில் ஏறி வெள்ளை பூத்துவிடும், அதை நைட் வெளிறியது என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. கடைசி வார்னிஷ் முழு மேட் வேண்டாம். 1942க்குப் பிந்தைய பூச்சு வழவழப்பானது, சாய்ந்த வெளிச்சத்தில் லேசாக மினுங்கும். மேட்டில் கொஞ்சம் சாட்டின் கலந்து அடியுங்கள். வார்னிஷ் நிறத்தை ஒரு படி மாற்றும், சோதனை அட்டையிலும் அதே வார்னிஷ் அடித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை மாடல்களை மேசையில் வைக்கும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சீட்டு வைக்கலாம் என்று நினைக்கிறேன். விமானத்தின் எண், மாதம், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது. பெயின்ட் பெயரை எழுத வேண்டாம். கேட்பவர் கேட்கட்டும்.

டெக்கால் சிவப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. பெட்டியில் வரும் எழுத்துகள் பல கிட்களில் தபால்பெட்டிச் சிவப்பு. வர வேண்டியது செங்கல் பக்கம் சாய்ந்த மங்கல் சிவப்பு, வட்டச் சின்னத்தின் நடுப்புள்ளிக்கும் இதே சிவப்புதான். பெரிய எழுத்துகளை ஸ்டென்சில் வெட்டி ஸ்பிரே செய்துவிடலாம், அதுதான் நல்லது. வால் பக்கத்து வரிசை எண் 8 அங்குல உயரம், 1/72இல் 2.8 மி.மீ., அதை வெட்டும் கை என்னிடம் இல்லை. அதற்கு டெக்காலையே ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் தின்னரில் கரைத்த பழுப்பை மிக மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். அதற்கு முன் தாளில் மிச்சமிருக்கும் எழுத்தில் அடித்துப் பாருங்கள், சில கம்பெனி டெக்கால்கள் தின்னர் பட்டதும் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருளாத தாள் எந்தக் கிட்டில் வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்